செக்கர் அத்தானின் காலி வீடு

எங்கள் அத்தான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், பரிசோதனையிலிருந்து இல்லை. அதனால் எங்கள் குடும்பத்தில் அவருக்கு இன்றைக்கும் செக்கர் அத்தான் என்றுதான் பெயர். அக்காவும் அப்படித்தான் சொல்வாள், அவர் இல்லாதபோது.

பஸ்ஸில் ஏறினால் அவர் யார் கையையும் பார்க்கமாட்டாராம். முகத்தைத்தான் பார்ப்பாராம். "டிக்கெட் இல்லாதவன் முகத்துல அது தானா தெரிஞ்சிடும்மா. பொய் சொல்றவனுக்குக் கண்ணு ஒரு தடவை கீழ போயிட்டு மேல வரும்" என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்தப் பார்வையோடுதான் வீட்டுக்கும் வருவார். பால்காரர், கேபிள்காரர், கல்யாணத்துக்கு அழைக்க வந்த சொந்தக்காரர் என்று எல்லோருக்கும் அதே பார்வை. நான் முதன்முதலில் அந்த வீட்டில் ஒரு வாய் காபி குடித்தபோதுகூட, டிக்கெட் எடுக்காமல் குடித்துவிட்டேனோ என்று ஒரு கணம் தோன்றியது.

வீட்டுக்குள்ளே அது வேறு மாதிரி. அக்கா கேஸை மூடிவிட்டு வந்தால் பின்னாலேயே போய் அதை இன்னொரு தரம் திருகுவார். அக்கா குழாயை மூடினால் இவர் போய் மறுபடி இறுக்குவார். இப்படி இறுக்கியே அந்த வீட்டுக் குழாய்களுக்கு வாஷர் நிற்காது. பிளம்பர் வருவார். வந்த பிளம்பரை நாலு நாள் சந்தேகப்படுவார். வாசலை அக்கா பூட்டினால் பூட்டைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்ப்பார்.

"பூட்டிட்டேங்க" என்பாள் அக்கா.

"தெரியும்" என்பார், இழுத்துக்கொண்டே.

"நீங்க அக்காவை நம்பறதே இல்லையா அத்தான்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அவருக்கு வந்ததே கோபம். "உங்க அக்காவை நான் என்னிக்கும்மா சந்தேகப்பட்டேன்? எனக்குப் பூட்டு மேலதான் சந்தேகம்" என்றார். உண்மையைச் சொல்ல வேண்டும், அது பொய் இல்லை. உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அக்காதான். அக்கா எங்கே போகிறாள், எப்போது வருகிறாள் என்று ஒருநாளும் கேட்டவர் இல்லை. அக்கா தொட்ட பொருளைத்தான் விடமாட்டார்.

ஓய்வு பெற்றபோது மொத்தமாக ஒரு தொகை வந்தது. பேங்கில் போடலாம் என்றால் பேங்க் மேல் சந்தேகம். தங்கம் வாங்கலாம் என்றால் தட்டான் மேல் சந்தேகம். கடைசியில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடுவது என்று முடிவாயிற்று. "வீடு எங்க ஓடிப்போகும்?" என்றார். பென்ஷன் சாப்பாட்டுக்குச் சரியாகப் போய்விடும். மருந்து, மாத்திரை, நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அந்த வாடகைதான் என்று கணக்கு. அதாவது, வீடு கைவிட்டுப் போனால் இரண்டு பேருக்கும் வேறு பிடிமானம் கிடையாது. இதை அவரே வாரத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் நினைவுபடுத்துவார்.

வீடு தேடிய கதையைத் தனியாகவே எழுதலாம். புரோக்கர் "அமைதியான தெரு" என்றால் இவர் காலையில் ஒருமுறை, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை போய் நின்று காதைத் தீட்டிக் கேட்பார். "தண்ணி கொட்டும் சார்" என்றால் பக்கத்து வீட்டு வேலைக்காரம்மாவிடம் போய் உண்மையா என்று விசாரிப்பார். விற்கிறவர் "பையனோட போய் இருக்கப் போறோம்" என்றால் அந்தப் பையனையே தேடிப் பிடித்து, அப்பா அம்மா வரப்போவது உனக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டு வருவார். ஒரு வீட்டில் அந்தப் பையனுக்குத் தெரியவே தெரியாது. அந்தக் குடும்பத்தில் பெரிய சண்டையாகிவிட்டது.

கடைசியாக ஒரு ஃபிளாட் அமைந்தது. இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இரண்டு அறை, மாடிக்கு இரண்டு வீடு. நாணயத்தை வைத்துத் தரையில் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பார்த்தார். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு போய்ச் சுவரெல்லாம் தடவிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. வாங்கினார்.

அடுத்த மழையில் சமையலறைச் சுவரில் ஈரம் கசிந்து ஓதம் காட்டியது. இவர் போய்ப் பார்த்த அன்றைக்குக் காற்று எதிர்ப்பக்கமிருந்து அடித்திருக்கிறது. அதை மட்டும் அவர் விசாரிக்கவில்லை. ஊரையே சந்தேகப்பட்டவர், காற்றை நம்பிவிட்டார். வெளியில் சொல்லவும் வெட்கம். அவரே பெயிண்ட் வாங்கிவந்து பூசி, அதன்மேல் ஒரு பெரிய காலண்டரை மாட்டினார்.

பிறகு குடித்தனக்காரர் தேர்வு. எனக்கு மருந்துக் கடையில் பில் போடும் வேலை. என் லீவு நாளெல்லாம் அத்தானுக்குச் சாட்சியாக நிற்பதிலேயே போயிற்று. ஒருவர் வாடகையைக் குறைத்துக் கேட்டார். "இப்பவே பணம் இல்லையே, அப்புறம் எங்கேருந்து குடுப்பான்?" என்று தள்ளினார். அடுத்தவர் பேரமே பேசவில்லை. "குடுக்கற எண்ணம் இருக்கறவன் பேரம் பேசுவான்மா. இவன் குடுக்கப் போறதே இல்ல" என்று அவரையும் தள்ளினார். நாய் இல்லை என்று சொன்ன ஒருவரின் கால்சட்டையில் வெள்ளை ரோமம் இருந்ததைக் கண்டுபிடித்தார். சதா சிரித்துக்கொண்டிருந்த ஒரு தம்பதியை, சிரித்த குற்றத்துக்காகவே அனுப்பினார்.

எத்தனை பேர் இருப்பீர்கள், விருந்தாளி வருவார்களா, எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு கேள்வி கேட்பார். "இப்ப இருக்கற வீட்டை ஏன் விடறீங்க?" அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். எதிராளியின் முகத்தையே பார்ப்பார். "எல்லா வண்டவாளமும் இந்த ஒரு கேள்வியில வெளிய வந்துடும்" என்பது அவருடைய சித்தாந்தம். வந்தது, எல்லோருக்கும் வந்தது. வீடு மட்டும் மாசக்கணக்காகக் காலியாகவே கிடந்தது. பராமரிப்புச் செலவுக்கு இவர் கைக்காசு போனது.

"யாருக்காவது விடுங்களேன்" என்றாள் அக்கா.

"யாருக்காவது விடறதுக்கா நான் இத்தனை வருஷம் உழைச்சேன்?" என்றார் அத்தான்.

அக்கா அதோடு விட்டுவிடுவாள். அவள் நிறையப் பேசுகிறவள் இல்லை. அக்கம்பக்கத்தாருக்குத் துணி பிடித்துக் கொடுப்பாள், நீளம் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள். அதற்கென்று ஒரு பையில் அடங்குகிற சின்னக் கரண்ட் மிஷின் வைத்திருந்தாள். அவள் தைத்து முடித்ததும் அத்தான் எடுத்து ஒவ்வொரு தையலாக இழுத்துப் பார்ப்பார், விட்டுப்போகிறதா என்று. இழுத்தால் எந்தத் தையல்தான் விடாது? என் கடைக் கோட்டின் பாக்கெட் கிழிந்துபோய் அவளிடம் கொடுக்கப் போனேன். "மிஷின் ரிப்பேருக்குப் போயிருக்குடி" என்றாள். அடுத்த மாதம் கேட்டபோதும் ரிப்பேரிலேயே இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் அத்தான் ஒருநாள் வெளிறிப்போய் என் கடைக்கு வந்தார். மாத்திரை வாங்க நின்றவர்களை விலக்கிக்கொண்டு, "உள்ள ஆள் இருக்குது" என்றார்.

"எங்க அத்தான்?"

"நம்ம வீட்டுல. காலி வீட்டுல. மீட்டர் ஓடியிருக்கு."

காலி வீட்டில் விளக்கு எரியவில்லை, மின்விசிறி சுற்றவில்லை, ஆனால் மீட்டர் நகர்ந்திருந்தது. அன்றைக்கு லீவு கேட்டுவிட்டு நானும் போனேன். சமையலறைத் தொட்டி ஈரமாக இருந்தது. ஜன்னல் கொக்கி கழன்றிருந்தது. அத்தான் தரையில் மண்டியிட்டு, இரண்டு விரலால் ஒன்றைப் பொறுக்கி என் கண்முன்னே நீட்டினார். ஒரு துண்டு நீல நூல்.

"யாரோ உள்ள வந்து போறான். முதல்ல கொஞ்ச நேரம் வருவான். அப்புறம் பாயைப் போடுவான். அப்புறம் குடும்பத்தைக் கூட்டிட்டு வந்து இது என் வீடுன்னு சொல்லிடுவான். அப்படி எத்தனை வீடு போயிருக்குன்னு உனக்குத் தெரியுமா?" அந்த நூலைக் கைக்குட்டையில் வைத்து மடித்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். அதுவரை எனக்குச் சிரிப்பாக இருந்த விஷயம், அதைப் பார்த்ததும் சிரிப்பாக இல்லை. அவருடைய அத்தனை வருஷ உழைப்பும் அந்த நாலு சுவருக்குள்தான் இருந்தது.

அன்றே பூட்டை மாற்றினார். பூட்டுக்காரர் மேல் சந்தேகம் வந்ததால், ஒரு வாரம் கழித்து வேறு பூட்டுக்காரரை வைத்து மறுபடி மாற்றினார். இரண்டு சாவி. ஒன்று அவர் இடுப்பில். இன்னொன்றை எங்கே வைத்திருக்கிறார் என்று எனக்கும் சொல்லவில்லை, அக்காவுக்கும் சொல்லவில்லை. "அது இருக்கற இடம் எமனுக்குக்கூடத் தெரியாது" என்றார்.

மீட்டர் ஓடிக்கொண்டேயிருந்தது.

சந்தேகம் முதலில் புரோக்கர் மேல் விழுந்தது. அவர் கையில் ஒருமுறை பழைய சாவி இருந்திருக்கிறது. புதுப் பூட்டுக்கும் கள்ளச்சாவி போட்டிருப்பாராம். பகலில் வீட்டை மணிக்கணக்குக்கு யாருக்கோ விடுகிறார் என்று அத்தான் முடிவு கட்டினார். டீக்கடை பெஞ்சில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு நாள் பூராவும் அவரை வேவு பார்த்தார். புரோக்கர் நாள் பூராவும் டீ குடித்தார். அதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்து எதிர் வீட்டுக்காரர். கூரியர் கம்பெனியில் இரவு வேலை, பகலில் தூக்கம். அவரைப் போய் விசாரித்தால், அவர் இவர் மேல் பாய்ந்தார். "உங்க வீட்டுல என்ன சார் பண்றீங்க? மத்தியானம் ஆனா கடகடன்னு சத்தம். மனுசன் தூங்க வேணாமா?"

கடகடவென்று சத்தம். அத்தான் இறங்கி வந்து படியில் உட்கார்ந்தே விட்டார். "மிஷினு. உள்ள மிஷின் ஓடுது. நோட்டு அடிக்கறாங்களோ?"

"நீல நூலை வச்சா அத்தான் நோட்டு அடிப்பாங்க?"

"நோட்டுக் கட்டுறதுக்கு நூல் வேணாமா?" என்றார். 

பிறகு மாவு வைத்தியம். கிளம்பும்போது அக்காவின் சமையலறையிலிருந்து ஒரு டப்பா மாவை எடுத்துக்கொண்டு போய், வாசலிலிருந்து அறைவரை மெல்லியதாகத் தூவிவிட்டு வந்தார். கால் தடம் விழும், செருப்பு அளவு தெரியும் என்று திட்டம். இரண்டு நாள் கழித்துத் திறந்தோம். மாவு தூவினபடி வழவழவென்று இருந்தது. ஒரு தடம் இல்லை. ஆனால் மாவுக்கு மேலே, நடுவில், ஒரு துண்டு சிவப்பு நூல் கிடந்தது.

 "அத்தான், இது மனுசங்க வேலை இல்ல" என்றேன்.

"பேய்க்கு எதுக்கும்மா நூலு?" என்று என் பயத்தை ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். சந்தேகக்காரருக்குப் பேய் மேலும் நம்பிக்கை இல்லை.

இத்தனை அமளியிலும் அக்கா மட்டும் பதறவில்லை. காலையில் தட்டில் பலகாரம் வைக்கும்போதே அத்தான் அன்றைய திட்டத்தை ஒப்பிப்பார். இன்றைக்குப் புரோக்கரைப் பின்தொடரப் போகிறேன், இன்றைக்கு எதிர் வீட்டை மாடிப்படியிலிருந்து பார்க்கப் போகிறேன், இன்றைக்கு மாவு தூவப் போகிறேன் என்று ஒன்றுவிடாமல் சொல்வார். அக்கா "சரிங்க" என்பாள். எப்போது திரும்புவார் என்று மட்டும் கேட்பாள். வீடே போய்விடுமோ என்று நாங்கள் துடித்துக்கொண்டிருக்கும்போது இவளுக்கு ஒரு கவலை இல்லையே என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

கடைசியில் அத்தானே ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டில் ஆள் வைத்துவிட்டால் வேறு ஆள் வரமுடியாது. வீடு கேட்டு வந்தவள் பல் டாக்டர் கிளினிக்கில் வேலை பார்க்கும் ஒரு பெண், அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு லிஃப்ட் மெக்கானிக் எதற்கு வருகிறான் என்று ஒருநாள் யோசித்தார். பிறகு, தினமும் லிஃப்ட்டோடு மல்லுக்கட்டுகிறவனுக்குப் படி பிடிக்கத்தானே செய்யும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கடைசிக் கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில், ஓனரின் மகள் அந்த வீட்டுக்குக் குடிவருகிறாள் என்பது. அத்தான் போய் அந்த மகளையே பார்த்துவிட்டு வந்தார். உண்மைதான். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வந்து சாவி வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அன்று காலையில் அக்காவிடமும் அப்படித்தான் சொல்லிவிட்டு, பெயிண்ட் கடைக்குக் கிளம்பினார். ஓதம் காலண்டரைத் தாண்டிப் படர ஆரம்பித்திருந்தது.

கடையில் இருக்கும்போது போன் வந்தது. தம்பதிக்குச் சாயங்காலம் முடியாதாம், மத்தியானமே வருகிறார்களாம். அத்தான் வீட்டுக்குப் போகாமல் நேராக என் மருந்துக் கடைக்கு வந்து, என்னைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு ஃபிளாட்டுக்கு நடந்தார்.

இரண்டாவது மாடிக்கு ஏறும்போதே கேட்டது. கடகடகடவென்று ஓடி, நின்று, மறுபடி கடகடகட.

அத்தான் பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்தார். சாவியைப் போட்டுத் திருப்பினார். பூட்டு திரும்பியது, கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது.

"போலீஸ்" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

"முதல்ல தட்டிப் பாருங்க அத்தான்."

தட்டினார். சத்தம் நின்றது. "யார்றா அது உள்ள? திற!" என்றார். குரல் அதட்டலாகக் கிளம்பி நடுவில் உடைந்தது.

 பிறகு காலடிச் சத்தம் வந்து கதவுக்குப் பின்னால் நின்றது. "நீங்க யாரு?" என்றது ஒரு குரல். தெளிவாகப் பேச வராமல், வாயில் எதையோ கவ்விக்கொண்டு பேசுகிற குரல்.

எனக்கு அந்தக் குரலைத் தெரியும். குண்டூசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு அப்படிப் பேசுகிறவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்திதான்.

அத்தானுக்கும் தெரிந்துவிட்டது.  வாழ்நாளெல்லாம் மற்றவர்களைப் பார்த்து யார், எங்கே, எதற்கு என்று கேட்ட மனிதர், தன்னை யாரென்று கேட்டதும் திருதிருவென்று விழித்தார். கடைசியில், "நான்தான்" என்றார்.

தாழ் விலகியது. அக்கா நின்றாள். கழுத்தில் டேப் தொங்கியது. பின்னால் ஜன்னலடியில் பாய் விரித்து, அதன்மேல் சின்ன மிஷின். சுவரோரம் மடித்து அடுக்கின துணிகள். ரிப்பேர் கடையே இங்கேதான் இருந்திருக்கிறது.

"சாவி?" என்றார் அத்தான். முதலில் அதுதான் வந்தது அவர் வாயில்.

"அரிசி டின்னுக்குள்ள வச்சிருக்கீங்க" என்றாள் அக்கா, குண்டூசிகளை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு. "முதல் பூட்டுச் சாவியும் அங்கதான், ரெண்டாவது பூட்டுச் சாவியும் அங்கதான். தினமும் அதுல கை விடறது யாருங்க?"

எமனுக்குத் தெரியாத இடம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தான் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"மாவு?"

"கூட்டி எடுத்துட்டு, போகும்போது சல்லடையில திரும்பத் தூவிட்டுப் போனேன். என் மேல நூல் ஒட்டியிருந்தது தெரியலை."

அத்தான் காலி அறையில் மெதுவாக நடந்தார். துணிகளைப் பார்த்தார். தொடவில்லை. "எதுக்கு இப்படி?" என்றார். "கேட்டா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

 அக்கா பாயில் உட்கார்ந்து, ஒரு துணிப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். "இந்த வீட்டை நான் வாடகைக்கு எடுத்துக்கறேன்" என்றாள்.

"என்னது?"

"பகல்ல மட்டும். இது அட்வான்ஸ். தைச்சு சேர்த்தது. மாசா மாசம் குடுத்துடுவேன். ஆனா நீங்க சொல்ற வாடகை ரொம்ப அதிகம். ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல. காலண்டருக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அத்தான் பேரம் பேசினார். பழக்கம் அப்படி. சுவருக்குப் பெயிண்ட் வாங்கிவந்துவிட்டேன் என்றார். பூசினால் மறுபடி வரும், வெளிப்பக்கம் பூச்சு உரிந்திருக்கிறது, ஆள் வைத்து அதைச் சரிசெய்யுங்கள் என்றாள் அவள். கால் பங்கு குறைத்தார். பிறகு அவரையறியாமல் அந்தப் பழைய வரிசை வாயிலிருந்து வர ஆரம்பித்தது.

"எத்தனை பேர் இருப்பீங்க?"

"ஒரு ஆள்."

"விருந்தாளி?"

"இவ வருவா" என்று என்னைக் காட்டினாள். "நீங்களும் வரலாம். தட்டிட்டு வரணும்."

"ராத்திரி?" என்று கேட்டபோது அவர் குரல் உள்ளே போய்விட்டது.

"ராத்திரி வீட்டுக்கு வந்துடுவேன். வேற எங்க போவேன்?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வரிசையில் ஒன்று பாக்கி இருந்தது. "இப்ப இருக்கற வீட்டை ஏன்…" என்று தொடங்கியவர், தொடங்கின பிறகுதான் என்ன கேட்கிறோம் என்று புரிந்து அப்படியே நின்றுவிட்டார்.  அவர் எப்போதும் எதிராளியின் முகத்தைப் பார்க்கிற நேரம் அது. அன்றைக்குத் தரையைப் பார்த்தார்.

அக்கா சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். "இங்க நான் ஒரு குழாயை மூடினா, அது மூடினபடி இருக்குங்க" என்றாள். "வேற ஒண்ணும் இல்ல."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் அவள் மூடிய ஒவ்வொரு குழாய்க்கும், கேஸுக்கும், கதவுக்கும் பின்னால் இன்னொரு கை வந்துகொண்டே இருந்ததை நாங்கள் எல்லோரும் சிரிப்புக் கதையாகத்தான் பேசியிருக்கிறோம்.  அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

அப்போது கதவு தட்டப்பட்டது. பல் டாக்டர் கிளினிக் பெண்ணும் மெக்கானிக்கும். அத்தான் வெளியே போய்க் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றார். நானும் பின்னால் போனேன்.

"மன்னிச்சுக்குங்க. வீடு போயிடுச்சு."

"என்ன சார் இது? காலையில போன்லகூட வீடு இருக்குன்னீங்களே" என்றாள் அந்தப் பெண். கண்ணைச் சுருக்கினாள். "வாடகை கூடக் குடுக்கறாங்களா?"

"இல்ல. கம்மிதான்."

"எங்களை அந்தக் கேள்வி கேட்டீங்க. எங்க ஓனர் மகளைப் போய்ப் பார்த்தீங்க. இவங்களை நல்லா விசாரிச்சீங்களா?"

"இல்லம்மா" என்றார் அத்தான். "விசாரிக்கலை."

அவர்கள் நம்பவில்லை. இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

அக்கா வாசலுக்கு வந்தாள். "சாயங்காலத்துக்குள்ள ரெண்டு துணி குடுக்கணும்" என்றாள். என் கோட்டைக் கழற்றச் சொல்லி, கிழிந்த பாக்கெட்டோடு வாங்கி வைத்துக்கொண்டாள். நாங்கள் வெளியே வந்தோம். அக்கா கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ் விழுகிற சத்தம் கேட்டது.

அத்தானின் கை தானாகக் கைப்பிடியை நோக்கிப் போயிற்று. போய், காற்றிலேயே நின்றது. அதைப் பின்னுக்கு இழுத்துச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். படி இறங்கினார். முதல் மாடி திருப்பத்தில் நின்றார். பெயிண்ட் டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நீ போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடேன்" என்றார். "தாழ் சரியா விழுந்திருக்கான்னு."

நான் மேலே ஏறினேன். உள்ளே மிஷின் ஓட ஆரம்பித்திருந்தது. கொஞ்ச நேரம் கதவுக்கு முன்னால் நின்றேன். கதவைத் தொடவில்லை. இறங்கி வந்தேன்.

"விழுந்திருக்கு அத்தான்."

"தள்ளிப் பார்த்தியா?"

"பார்த்தேன்" என்றேன். என் கண் ஒருதரம் கீழே போய்விட்டு மேலே வந்தது.

அவர் என் முகத்தையே பார்த்தார். அத்தனை வருஷம் பஸ்ஸில் பார்த்த அதே பார்வை. பிறகு ஒன்றும் கேட்காமல், டப்பாவைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிப் போனார்.